பல்பை நம்பியவரும் தேதியை நம்பியவரும்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜீப்பு இருந்தது. அதற்கு இரண்டு மதங்கள் இருந்தன. ஒன்று என் வீட்டுக்காரருடையது, மற்றது என் அண்ணனுடையது. இரண்டுக்கும் நடுவே சோறு போட்டுக்கொண்டு நான் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. அங்கே போய்வர, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிச் சலித்த ஜீப்பு ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கியிருந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு பல்பு இருக்கும். சாவியைத் திருப்பினால் எரியும், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். ஓடும்போது எரிந்தால் எஞ்சினில் ஆயில் போதவில்லை என்று அர்த்தம். இந்த பல்புதான் என் வீட்டுக்காரருக்கு வேதம். எரியாத வரைக்கும் எஞ்சினைத் தொடவே கூடாது என்பார். காய்ச்சல் இல்லாதவனுக்கு எதற்கு ஊசி என்பது அவர் கேள்வி.

அண்ணன் போடியில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எஞ்சின் பார்க்கிற சோலியில் இருந்தார். அங்கே சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். என்றைக்கு எண்ணெய், என்றைக்கு கிரீஸ், என்றைக்கு பெல்ட்டு என்று எல்லாம் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உலகமே ஒரு அட்டவணையாகிவிட்டது. தமிழ் மாதம் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஸ்பேனரோடு எங்கள் வாசலில் நிற்பார். ஜீப்புக்கு அடியில் புகுந்து, நட்டைக் கழற்றி, பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிய ஆயிலை ஊற்றுவார். பிறகு நோட்டில் ஒரு டிக் போடுவார்.

ஒரு ஆடி மாதம் முழுக்க மலையில் மழை. ஜீப்பு கொட்டகையை விட்டு நகரவே இல்லை. ஆவணி ஒன்றாம் தேதி அண்ணன் வந்து ஆயிலை இறக்கினார். நல்லெண்ணெய் மாதிரி அப்படியே தெளிவாக வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தபடி வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அதை டின்னில் பிடித்து வைத்து, கதவுக் கீலுக்குப் போடச் சொல்லி அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவும் அந்தக் காலத்தில் சத்தம் போட்டதில்லை.

“பல்பு எரியிறப்ப காரியம் முடிஞ்சிருக்கும் மாப்ளே” என்பார் அண்ணன். “நல்லா இருக்கிற வயித்தை மாசாமாசம் அறுத்துப் பாக்கிறது வைத்தியமா மச்சான்?” என்பார் இவர். இருவரும் வாய்க்குள் என்ன போகிறது என்று தெரியாமலே சாப்பிடுவார்கள். ஒருநாள் ரசத்தில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்குப் பதிந்துவிட்டு, ஆறு வருடமாக நான் காத்திருந்தேன். தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தாலே அடுப்பை விட்டு எழுந்து வருவேன். கடைசியில் உத்தரவு வந்தது, ஆயுத பூசை விடுமுறையில் எங்கோ சிக்கித் தாமதமாக. மலைமேல் ஒரு தொடக்கப் பள்ளி. வியாழக்கிழமை முற்பகலுக்குள் பணியில் சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து. அது என் கைக்கு வந்தது புதன்கிழமை மாலை.

முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இரண்டு பேரும் ஒரே கருத்துக்கு வந்தார்கள். வீட்டில் ஜீப்பு நிற்கும்போது பஸ்ஸா என்று இருவரும் சிரித்தார்கள். அண்ணன் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரும் கிளம்பினார், எஞ்சினை அவர் மாப்பிள்ளையிடம் தனியாக விட மனசில்லாமல்.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஆயுத பூசை. அதற்கு முதல் நாள் ஐப்பசி ஒன்று, அண்ணன் வழக்கம்போல ஆயிலை மாற்றியிருந்தார். பூசையன்று நான் ஜீப்பைக் கழுவித் துடைத்து, சந்தனம் குழைத்து, முகப்பிலிருந்து சக்கரம் வரைக்கும் பொட்டு வைத்தேன். ஸ்டியரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, முன்னால் இருக்கிற வட்டங்களுக்கு ஒவ்வொன்று. குங்குமமும் வைத்தேன். வாகனத்துக்கு வைத்த பொட்டை எங்கள் பக்கம் துடைக்க மாட்டார்கள். காய்ந்து தானாக உதிர வேண்டும்.

வியாழன் காலை கிளம்பினோம். மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் அண்ணன் தன் அட்டவணைப்படி வண்டியை நிறுத்தி எஞ்சினை ஆறவைக்கச் சொன்னார். வண்டி சூடாகவே இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் பத்து நிமிடம் என்று அவர் நோட்டில் இருந்தது. நாங்கள் ஆறிக்கொண்டிருக்கும்போது முதல் பஸ் எங்களைக் கடந்து போனது. ஜன்னலோரம் ஒரு அம்மாள் கொய்யாப்பழம் தின்றபடி என்னைப் பார்த்தாள். அந்தக் கொய்யாப்பழத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. தீய்ந்த வாடையும் வந்தது.

“என்ன மாப்ளே, ஒங்க பல்பு என்ன சொல்லுது?” என்றார் அண்ணன்.

“சும்மா வாங்க மச்சான்” என்றார் இவர். பல்பைப் பற்றிக் கேட்டால் கால் மணி நேரம் பேசக்கூடிய மனிதர், அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த வளைவில் ஒரு பெரிய சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டது.

இருவரும் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே, வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, ஒரு ரூபாய் அளவுக்கு என் சந்தனப் பொட்டு தடித்துக் காய்ந்திருந்தது. முந்தானையால் தேய்த்தேன். அடியில் சிவப்பு பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கத்தியதோ பாவம், அதன் வாயை நான் அடைத்து வைத்திருந்தேன். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, உத்தரவு இருந்த பையை மடியில் வைத்து, ஒன்றும் தெரியாதவள் போல மலையைப் பார்த்தேன்.

கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்தது. என்னை அதில் ஏற்றிவிட்டார்கள். உள்ளே இடமில்லை. பின்படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை யாருடைய சாப்பாட்டுத் தூக்கின் மேலேயோ வைத்து, பட்டுச்சேலையோடு தொங்கினேன். அந்த ஜீப்பில் பல்பும் இல்லை, வட்டமும் இல்லை, அதெல்லாம் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. டிரைவர் ஓடை கண்ட இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். அது பாட்டுக்கு ஏறியது.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் மதியச் சோற்றுக்குத் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைமையாசிரியர் உத்தரவை வாங்கிப் படித்தார். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது பத்து நாற்பதில் நின்றிருந்தது.

“சார், கடிகாரம் ஓடலயே” என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

“வெள்ளிக்கெழமைதாம்மா சாவி குடுக்கிறது. இன்னைக்கு வியாழன்” என்றார் அவர். விடுமுறையில் நின்றுபோன கடிகாரத்துக்கு அதற்காக ஒரு நாள் முன்னால் சாவி கொடுப்பது முறையாகாது என்று விளக்கினார். பிறகு பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘முற்பகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் உத்தியோகத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு அட்டவணைதான். இதை என் அண்ணனிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அவரைப் பிடிக்க முடியாது.

ஜீப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, மாதாமாதம் கழற்றிக் கழற்றி ஆயில் நட்டின் மரை தேய்ந்துவிட்டது, ஏற்றத்தில் ஆடி நட்டே விழுந்து ஆயிலெல்லாம் ரோட்டில் போய்விட்டது என்றார். எஞ்சினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நட்டு செய்தவன் சரியில்லை என்றார். அப்படியே நட்டு விழுந்தாலும் சொல்லவேண்டியது பல்புதானே, அது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். ஒரு வருடம் கேட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில், ஏலக்காய்க் கடை வாசலில், பஸ் நிறுத்தத்தில் என்று ஆள் கூடிய இடத்தில் எல்லாம், எங்க மாப்ளே பல்பு ஊமையாயிருச்சு என்று சொல்லிச் சிரித்தார்.

என் வீட்டுக்காரர் ஒருநாள்கூடப் பதில் சொல்லவில்லை. தோற்றுப்போனதில் பேச்சு அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் சொல்லவில்லை. உத்தியோகத்துக்குப் போன முதல் நாளே ஒரு எஞ்சினைத் தின்றவள் என்று பெயரெடுக்க நான் தயாராக இல்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது. நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. இவர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

“இந்தா புள்ள, இந்த வருசம் பல்பை விட்டுட்டு வையி.”

கிண்ணம் என் கையில் அப்படியே நின்றது. எப்போது தெரியும் என்று கேட்டேன். முந்தானைக் கறையைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

“அன்னைக்குச் சாவியத் திருப்புனப்பவே தெரியும். பல்பு எரியிறது கண்ணுல படல. மொத நாள் வேலைக்குப் போற, நீ வச்ச பொட்டைத் தொடைக்கக் கை வரல. ஒங்க அண்ணன்தான் ஆயிலு மாத்தி அஞ்சு நாளுதான் ஆச்சே, ஒரு நாளைக்கு அவரை நம்பிப் பாப்பமேன்னு விட்டுட்டேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த மனுசன் ஒரு வருடம் ஊர்ச்சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாரே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. அப்புறம் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் வாசலில் அண்ணன் ஸ்பேனரோடு வந்து நின்றார், என்ன மாப்ளே, இந்த வருசமாவது பல்பு பேசுமா என்று கேட்டபடி.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, இப்பிடி வந்து ஒக்காருங்க. அந்தப் பல்பைப் பத்தி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.