கப்பல் விட்டுவிட்டுப் போனவன்

அந்த நாவலாசிரியருக்குத் தமிழ் தெரியாது. என் பதிப்பாளருக்கு ராயபுரம் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

சோமாலியாவில் பிறந்து சின்ன வயதிலேயே லண்டன் போனவர் அவர். அங்கே கற்ற ஆங்கிலத்தில் கப்பல் தொழிலாளிகளைப் பற்றியே எழுதிப் பேர் வாங்கியவர். அவருடைய புது நாவலைத் தமிழில் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. அதில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கும் சோமாலி இளைஞன் ஒருவன் வருகிறான். அவனை மேடைத் தமிழில் பேசவைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் ராயபுரத்துத் தெருப் பேச்சை அவன் வாயில் வைத்தேன்.

பதிப்பாளர் பதறிவிட்டார். "மெட்ராஸ் பாஷைன்னா சினிமா காமெடிங்க. அழ வேண்டிய இடத்துல சிரிப்பாங்க. மாத்துங்க, இல்லன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சினிமாக்காரன் சிரித்தால் நாங்கள் அழவே மாட்டோமா? கடைசியில், எழுதியவரே முடிவு செய்யட்டும் என்று ஒத்துக்கொண்டோம்.

ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் வந்தார். "அர்த்தம் சொல்ல வேண்டாம், வாசியுங்கள், கேட்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். கப்பல் அவனை அந்நியத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போனபின் அவன் அக்காவுக்கு போன் செய்யும் பக்கத்தை எடுத்தேன்.

"அக்கா, கப்பலு என்னிய வுட்டுட்டுப் பூட்ச்சுக்கா. இங்க யாரும் நம்ம பாஷ பேசல. அம்மாவாண்ட சொல்லாத, பேஜாராயிடும்."

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் அம்மா ஓடிவந்து ஈரக்கையோடு என் தோளைப் பிடித்தார். "மாதாவே! தம்பிக்கு இன்னாடி ஆச்சு? என்னாண்ட ஏன் சொல்ல வாணான்றான்? எந்த ஊர்ல கீறானாம்?"

என் தம்பி சரக்குக் கப்பலில் இருக்கிறான். ஒரு வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை.

"கதைம்மா இது, புக்கு" என்று நம்பவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பயம் போனதும் கோபம் வந்தது. "கதைன்னு சொல்லிட்டுப் படிக்கறதுக்கு இன்னா? எம் புள்ளன்னு நெனச்சிட்டேன்."

திரையில் இருந்தவர் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். "ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். பதிப்பாளரிடம் நான் சொல்கிறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா இன்னும் எழுந்து போகவில்லை. "அந்தப் புள்ள வூடு வந்து சேந்தானா?"

நாவலில் அவன் வீடு வந்து சேர்வதே இல்லை. "வந்துட்டாம்மா" என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மீனைக் கவனிக்கப் போனார்.

அம்மா என்ன கேட்டார் என்று நாவலாசிரியர் விசாரித்தார். அவர் கதையின் முடிவையே மாற்றிச் சொல்லிவிட்டேனே என்று தயக்கமாக இருந்தது. இருந்தாலும் என் பொய்யையும் சேர்த்தே சொன்னேன்.

"என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது" என்றார். "கதையைச் சொன்னபோது அவரும் இதையேதான் கேட்டார். வந்துவிட்டான் என்றுதான் நானும் சொல்லி வைத்திருக்கிறேன்."