கதவுக்குப் பின்னால் ஒரு பை

சில வருஷங்களுக்கு முன்னால், ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தபோது நடந்தது இது. சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு.

கான்ட்ராக்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், சில மாசத்துக்கு ஒரு தடவை 'பிரேக்' கொடுத்துவிடுவார்கள். வேலை நின்றால் கான்ட்ராக்டர் ஹாஸ்டலில் கட்டிலும் போய்விடும். மறுபடி கூப்பிடும் வரை ஊருக்குப் போ என்பார்கள். போனால் வீட்டில் கல்யாணம் பண்ணி அங்கேயே நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம். பையைத் தூக்கிக்கொண்டு தோழிகளின் ரூம் ரூமாகத் திரிவேன். கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்த்த தஞ்சாவூர் அக்கா, "உனக்கு வீடு வாசல் எல்லாமே இந்தப் பைதான்டி" என்று கிண்டல் பண்ணும்.

அப்படி ஒரு பிரேக்கில்தான் அவர் கூப்பிட்டார். அதே கம்பெனியில் ஃபிட்டர். பிரியமாகப் பேசுவார். தொரப்பள்ளிப் பக்கம் மாடியில் தனி ரூம். "கம்பெனியில கூப்பிடற வரைக்கும் இங்க இரு, யாரு கேக்கப் போறா?" என்றார். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன்.

காண்டம் போடச் சொல்லி ஒரே ஒரு தடவை கேட்டேன். "என்மேல சந்தேகமா? அப்ப வேற ரூம் பாத்துக்க புள்ள" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் கண் கதவுக்குப் பின்னால் இருந்த என் பைக்குப் போனது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. ஒருத்தர் கூரைக்கடியில் இருந்துகொண்டு அவரிடம் எதைத்தான் கேட்பது?

வேலைக்குக் கூப்பிட்டார்கள், ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். அவர் போன் எடுப்பது குறைந்து, நின்றும் போனது. கொஞ்ச நாளில் வெள்ளைபடுதல் அதிகமானது. அடிவயிற்றில் வலி. ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஒரே பதில்: சூடு. நான் நிற்பதோ பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கிற மெஷின் பக்கம். வேறு சந்தேகம் எப்படி வரும்? தஞ்சாவூர் அக்கா ஊறவைத்த வெந்தயம் கொடுத்தது. பக்கத்துக் கட்டில் தெலுங்குப் பெண் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். தினமும் மோர், லீவு நாளில் எண்ணெய்க் குளியல். அத்தனையும் அன்புதான். அந்த அன்பிலேயே மாசங்கள் ஓடிப்போயின.

ஒருநாள் கேன்டீன் வரிசையில் காய்ச்சலோடு சுருண்டு விழுந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் அட்ரஸ் கேட்டபோது ஹாஸ்டலா, ஊரா, எதைச் சொல்வதென்று தெரியாமல் அழுதேன். "அட்ரஸ் கெடக்குது கண்ணு, வலி எங்கன்னு சொல்லு" என்றார் நர்ஸம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. "இது சூடு இல்ல கண்ணு. கூடப் படுத்தவங்ககிட்டருந்து ஒட்டிக்கற நோய். அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். அந்தப் பையனையும் வரச் சொல்லு, அவனுக்கும் மருந்து குடுக்கணும்." கருக்குழாயில் புண் ஆறித் தழும்பாகியிருக்கலாம், பிள்ளை தங்குவது சிரமமாகலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

உடம்பு தேறியதும் தொரப்பள்ளி ரூமுக்குப் போனேன். கதவைத் திறந்தது ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். கையில் மோர் டம்ளர். கதவுக்குப் பின்னால் ஒரு பை.

"அவரு ஷிப்டுக்குப் போயிட்டாருக்கா. நீங்க யாரு?"

மாடிப்படியில் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நானும் சூடுன்னுதான்க்கா நெனச்சேன்" என்றாள்.

"வா, இப்பவே ஆஸ்பத்திரி போலாம்."

"அவருக்குத் தெரிஞ்சா வெளிய போன்னுருவாருக்கா. அப்புறம் நான் எங்க படுக்கறது? உங்க ரூமுக்கு வரட்டா?"

எனக்கு இருந்ததே ஹாஸ்டலில் ஒரு கட்டில். வெளியாளைக் கூட்டிப்போனால் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அவளே, "பரவால்லக்கா, அடுத்த வாரம் நானே போறேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் நான் போனபோது ரூம் பூட்டியிருந்தது. "காலி பண்ணிட்டாங்கம்மா, பெங்களூர்ப் பக்கம்னு சொன்னாங்க" என்றார் வீட்டுக்காரம்மா. அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஓசூரிலேயே வாடகை வீட்டில் இருக்கிறோம். எல்லாம் தெரிந்துதான் என்னைக் கட்டினார் என் வீட்டுக்காரர். குழந்தை இன்னும் இல்லை. முன் அறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். பிரேக் விட்ட பெண்கள் யாராவது வந்து தங்கிப் போகிறார்கள். ஒவ்வொருத்தி போன பிறகும் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போது, "உங்க ரூமுக்கு வரட்டா?" என்று கேட்டவளுக்கு அன்றைக்கு இது இல்லாமல் போனதே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.