வெள்ளிக்கிழமைச் சண்டை

நசினுவில் என் பக்கத்து வீட்டுக்காரி மேரேவுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. இந்த ஃபிஜித் தீவின் பூர்வகுடிப் பெண். தேவாலயத்துக்கும் சந்தைக்கும் போன நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் என் வீட்டு டிவி முன்னால்தான் இருப்பாள். நான் தமிழ் சீரியல் போட்டால் பாயை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். நேற்று ஒரு கதாநாயகி கணவனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள். "இவளுக்கு அவன்மேல ஆசையே இல்லே" என்றாள் மேரே, நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் ஃபிஜி இந்தியில். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அவன் பேசறப்ப இவ கேக்கலே. தன் முறை எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்கா." பிறகு, "ஈசா!" என்று பெருமூச்சு விட்டாள். பாவம் என்பதற்கும், பிரிவுக்கும், ஏக்கத்துக்கும் இங்கே இந்த ஒரு சொல்தான்.

அடேயப்பா, இதைத்தானே நான் இருபது வருஷமாகத் தொண்டை வற்றச் சொல்லிவருகிறேன்! ஒரு ஜோடிக்குள் பொருத்தம் இருக்கிறதா என்று தெரியவேண்டுமானால், கட்டிப்பிடிக்கிற காட்சியைப் பார்க்காதீர்கள். ஒருவர் வசனம் பேசும்போது மற்றவர் முகத்தைப் பாருங்கள். கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரி என்கிறார்களே, அது பேசுகிறவரிடம் இல்லை, கேட்கிறவரிடம்தான் இருக்கிறது. அழுகைக்கும் என்னிடம் ஒரு சோதனை உண்டு. நிஜமாக அழுதால் மூக்கு ஒழுகும். நம் நடிகைகளுக்கு ஜலதோஷம்கூடப் பிடிப்பதில்லை போலிருக்கிறது. அதிலும் சீரியலில் ஒரு முகத்தை மூன்று தடவை இடி முழக்கத்தோடு காட்டுகிறார்களே, அந்த முகத்தில் ஏதாவது நடந்தால்தானே!

என் கணவர் முனிசாமி இதற்கு நேர் எதிர். திரையில் யார் அழுதாலும் அவரும் அழுவார். அவருடைய குடும்பம் லோவுவில் கரும்பு போட்ட குடும்பம். கரும்புக்கூலியாகக் கப்பலேறிய கொள்ளுப்பாட்டன் ஆரணிப் பக்கத்துக்காரராம். திருத்தணிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த இடத்தில் சொந்தம் விசாரித்து, ஆரணிக்காரியான என்னைக் கட்டிக்கொண்டு வந்தார். தலைநகர் சுவாவில் ஒரு மரச்சாமான் கடையில் தச்சுவேலை செய்தார். நசினுவில் தகரச் சுவர் வைத்த சின்ன வீடு. அவருடைய தமிழ் கொள்ளுப்பாட்டனோடு கப்பலில் வந்தது, அதிலும் பாதி இந்தி. வெள்ளிக்கிழமை தோறும் வீடியோ கடையிலிருந்து ஒரு தமிழ் கேசட் கொண்டுவருவார்.

"அரே, அவன் நெஜமா அழுவுறான். நீ காஹே சிரிக்கிறே?" என்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. காஹே என்றால் ஏன்.

"இதுக்குப் பேரு அழுகையா? வெங்காயம் உரிச்ச கையால கண்ணைத் தொட்டிருக்கான்."

"கல்நெஞ்சுக்காரி நீ."

"ஆமா, நீங்க ஏமாந்த சோணகிரி."

கேசட் முடிந்தாலும் சண்டை முடியாது. சோறு ஆறிப்போகும். குழந்தை இல்லாத வீட்டில் அந்தச் சண்டைதான் கலகலப்பு. அது எங்கள் சந்தோஷம் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாயிரத்தில் கூ வந்தது. ஆட்சிக் கவிழ்ப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம். எனக்கு அது முதல், இந்த நாட்டுக்கு மூன்றாவது. சுவாவில் இந்தியர்களின் கடைகளை உடைத்தார்கள், எரித்தார்கள். மேரே எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மரச்சாமான் கடை அதன்பிறகு திறக்கவே இல்லை. அடுத்த வருஷம் அவருக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தச்சுவேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலமும் ஒரு படம் பார்த்தோம். ஒருவன் ரயிலேறிப் போகிறான், மனைவி பிளாட்பாரத்தில் நிற்கிறாள். இவர் தேம்பித் தேம்பி அழுதார். "ஓவர் ஆக்டிங்" என்று சொல்லிவிட்டு நான் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு மூக்கு ஒழுகியது.

மூன்று வருஷம் கழித்து அவருக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது. என்னைக் கூப்பிட மனுப்போட்டார். அதிகாரிகள் இருவரையும் தனித்தனியே கேள்வி கேட்பார்களாம், பதில் மாறினால் கல்யாணமே பொய் என்று எழுதிவிடுவார்களாம். பயந்துபோய், போன் கார்டு போட்டு ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். பல்துலக்கும் பிரஷ் என்ன நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம், எல்லாம் மனப்பாடம். கடைசியாகப் பார்த்த படம் பற்றிக் கேட்டால்? "ரெண்டு பேருக்கும் ரொம்பப் புடிச்சுதுன்னு சொல்லிடுவோம்" என்றார். என்னை விசாரித்த அதிகாரி அம்மாள் போனில் அதையும் கேட்டாள். ஒப்பித்தேன். உங்களுக்குள் கருத்து வேறுபாடே வராதா என்று கேட்டாள். கெட்டிக்காரத்தனமாக, "வந்ததே இல்லை மேடம்" என்றேன்.

கடிதம் வந்தது. பதில்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கின்றன, முன்கூட்டியே தயாரித்தவையாகத் தெரிகின்றன, இது உண்மையான திருமணம் என்று நம்புவதற்கில்லை. ஊரில் இருக்கிற நடிகர் நடிகையர் எல்லோரையும் குறை சொன்ன வாய்தானே இது! வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நடித்தேன், அதுவும் என் புருஷனுக்குப் பெண்டாட்டியாக. அதிலேயே தோற்றேன்.

உடனே மறுபடி மனுப்போட முடியவில்லை. மாமியார் படுக்கையில் விழுந்தார். நாலு வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்குள் இன்னொரு கூவும் வந்துபோனது. மாமியாரின் காரியமெல்லாம் முடிந்து இரண்டாவது மனுப்போட்டபோது, மேரே தானாகவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். "இவர்கள் புருஷன் பெண்சாதிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சினிமா பார்த்துவிட்டுச் சண்டை போடுவார்கள். தகரச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். என்னைத் தூங்கவிட்டதில்லை." இந்தத் தடவை எங்கள் கல்யாணம் உண்மை என்று எழுத்திலேயே வந்துவிட்டது.

ஆக்லாந்து போனேன். சோபா, பெரிய டிவி, காலுக்குக் கம்பளி. முதல் நாளே, "டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார். ஒத்திகையில் அதுவும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு படம் போட்டார். நாயகன் மழையில் முட்டிபோட்டு அழுகிறான், மகா மட்டமான நடிப்பு. இவரைப் பார்த்தேன், கண் காய்ந்திருந்தது. "சகிக்கலே" என்றேன். "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்றார். அடுத்த வாரம் வேண்டுமென்றே, "ஆகா, என்னமா நடிக்கிறான்!" என்றேன், சண்டைக்கு இழுக்கத்தான். "ஆமா, நல்லாத்தான் பண்றான்" என்றார். நான் பேசும்போது அவர் முகத்தைக் கவனித்தேன். விருந்தாளி பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிற முகம். அவரைக் குறை சொல்லி என்ன? ஒன்பது வருஷம் தனியாகச் சாப்பிட்ட மனுஷன். இப்போது அந்த அதிகாரி அம்மாள் வந்து பார்த்தால் எங்களைப் பற்றி என்ன எழுதுவாளோ என்று நினைத்தேன்.

மூன்று மாதம் இருந்தேன். நசினு வீட்டை விற்றுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். "ஆமா, பாத்து செய்" என்றார். வந்து ஒரு மாதமாகிறது. பாஸ்போர்ட் டிவி மேல்தான் இருக்கிறது. வீட்டை விற்க இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் வந்து இறங்கிய அன்று மேரே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவர் எப்படி இருக்கிறார், குளிர் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அங்க வெள்ளிக்கிழமை சண்டை போட்டீங்களா?" என்றுதான் கேட்டாள்.

"ஒரு தடவைகூட இல்லே" என்றேன்.

மேரேயின் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஈசா" என்றாள்.