சந்தனப் பொட்டு வச்ச கயிறு

மொக்கைச்சாமிகிட்ட மத்த எதப் பத்தி வேணும்னாலும் பேசலாம், கயித்தப் பத்தி மட்டும் வாயக் குடுத்துறக் கூடாது. குடுத்தா டீ ஆறிப்போகும், பஸ்ஸு போயிரும். மரம் வெட்ட ஆள் கேட்டு வர்றவங்ககிட்டகூட மரம் எங்கருக்கு, எம்புட்டு ஒசரம்னு கேக்க மாட்டாரு. "எங்க கயிறு என்ன கயிறு தெரியுமாண்ணே?"ன்னுதான் ஆரம்பிப்பாரு. அந்த வாய்க்குத் தனியா ஒரு ரேஷன் கார்டே போடலாம்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. ஆட்டுக்குக் கொழை ஒடிக்க வேம்புல ஏற ஆரம்பிச்சவரு, பெறகு மதுரைக்கு வந்து, வீட்டு மேல சாஞ்ச மரம், கரண்டுக் கம்பியில ஒரசுற மரம்னு ஏறாத மரம் கெடையாது. அழகர்கோவில் ரோட்டுல ஒரு இலவ மரத்துல இருந்து விழுந்தாரு பாருங்க, அதோட முட்டி போச்சு. கயிறு அத்துத்தான் விழுந்தாரு. சந்தையில வாங்குன நீலக் கலர் பிளாஸ்டிக் கயிறு, வெளிய பாத்தா மினுமினுன்னு இருந்துச்சு, உள்ளுக்குள்ள வெயில்ல காஞ்சு பொடிப்பொடியாப் போயிருந்துச்சு. அதுக்குப் பெறகு மரத்துல ஏறுறது தவசி. மொக்கைச்சாமியோட தங்கச்சி முத்துத்தாயக் கட்டுனவன். அவன் மேல இருந்தா, கீழ கயித்தப் பிடிச்சிருக்கிறது முத்துத்தாய். மொக்கைச்சாமிக்குன்னு மிஞ்சுனது ஆளுககிட்டப் பேசுறதும், கயிறு பாத்து எடுக்குறதும்தான்.

போன ஆடி மாசம் ஒரு புளிய மரத்து மேல நின்னு அறுக்கும்போது, தவசியோட மிசின் வாளு லேசாக் கயித்துல பட்டுருச்சு. யாரும் பாக்கல. அவனே எறங்கி வந்து, "மச்சான், மிசினு கயித்துல பட்டுருச்சு, இனி இதுல ஏற வேணாம்"னு சொன்னான். சரிப்பான்னு அதோட விட்டுருக்கணும்ல? விட்டா அது மொக்கைச்சாமி இல்லையே. டீக்கடை வாசல்ல அம்புட்டுப் பேரு முன்னாடி, "கயித்தக் காப்பாத்தத் துப்பில்லாதவன் எதுக்குடா மரத்துல ஏறுற? போயி முருங்கக்கா பறி!"ன்னு கத்துனாரு. நின்னவங்க சிரிச்சாங்க. தவசி தலையக் குனிஞ்சுக்கிட்டே கிளாஸ வச்சுட்டு நடந்துட்டான். முத்துத்தாய் அன்னைக்குப் பூராம் அண்ணன்கிட்டப் பேசல.

புதுக் கயிறு எடுக்க மனுசன் அலைஞ்ச அலைச்சல் இருக்கே! தேங்காநாரா, மழையில ஊறுனா முடிச்ச அவுக்க முடியாது, தள்ளு. வெள்ளை நைலானா, ஆளு தொங்குனா நீண்டுக்கிட்டே போகும், தள்ளு. ஒரு கடைக்காரன், இது மலை ஏறுறவங்க கயிறுண்ணேன்னு எடுத்துப் போட்டான். ரெண்டு கையிலயும் பிடிச்சு இழுத்துப் பாத்துட்டு, "இது விழுகிற ஆளுக்குண்ணே. இழுவ இருந்தாத்தேன் அவனுக்கு இடுப்பு ஒடியாது. எங்காளு விழுகப் போகல, தொங்கிக்கிட்டே வேலை பாக்கப் போறான். அவனுக்கு ஊஞ்சலா ஆடக் கூடாது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. கடைசியில மர வேலைக்குன்னே செய்யிற கயித்தக் கோயமுத்தூர்ல இருந்து வரவழைச்சாரு. பெருவிரல் தண்டி, ஆரஞ்சுக் கலரு. உள்ள கெட்டியா ஒரு நூல்கத்தை, வெளிய சட்டை மாதிரி பின்னலு. ரெண்டு முனையிலயும் கம்பெனிக்காரன் பச்சை உறை போட்டு ஒட்டியிருந்தான். குறை சொல்லக் கூடாது, அவரு எடுத்த கயிறு நல்ல கயிறுதான்.

ஆயுத பூசை வந்துச்சு. விளாங்குடியில வாடகைக்குப் பிடிச்ச தகர ஷெட்டுல அருவா, மிசினு, ஏணி எல்லாத்தையும் கழுவி அடுக்கி, நடுவுல கயித்தச் சுருட்டி வச்சாங்க. மத்தவங்க பூசணிக்கா ஒடைக்க வாசலுக்குப் போயிருந்தாங்க. "கயித்துக்கு நாந்தேன் சூடம் காட்டுவேன்"னு மொக்கைச்சாமி மட்டும் உள்ள நின்னாரு. தட்டக் கொஞ்சம் ஜோராச் சுத்திட்டாரு போல, எரிஞ்சுக்கிட்டிருந்த சூடம் வழுக்கி நேரா கயித்து மேல விழுந்துச்சு. பதறிப் போயி கையாலயே தட்டிவிட்டாரு. அதுக்குள்ள பிளாஸ்டிக் கருகுன நாத்தம் வந்துருச்சு.

பச்சை உறையில இருந்து நாலு முழம் தள்ளி, புளியங்கொட்டை அளவுக்குப் பின்னல் உருகி இறுகியிருந்துச்சு. வளைச்சுப் பாத்தாரு, அந்த எடம் மட்டும் வளையல. உள்ள எம்புட்டுத் தூரம் சூடு போச்சோ, யாரு கண்டா. வாள் பட்ட கயிறும் நெருப்புப் பட்ட கயிறும் ஒண்ணுதேன், யோசிக்காம ஒதுக்கிரணும்னு ஊரெல்லாம் பேசுனது இதே வாய்தான். இம்புட்டுக்கும், அந்த நாலு முழத்த வெட்டி எறிஞ்சா சோலி முடிஞ்சது. மிச்சக் கயிறு தாராளம். ஆனா பச்சை உறை போயிரும். உறை எங்கண்ணே போச்சுன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? முருங்கக்கா பறிக்க இனி நான் போறேன்னா?

வாசல்ல தவசி சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. மொக்கைச்சாமி கிண்ணத்துல இருந்த சந்தனத்தத் தொட்டு அந்தக் கருகல் மேல அப்பி, குங்குமத்த வச்சாரு. அது மட்டும் தனியாத் தெரியக் கூடாதுன்னு அங்கங்க இன்னும் நாலஞ்சு பொட்டு வச்சாரு. முத்துத்தாய் உள்ள வந்து பாத்துட்டு, "கயித்துக்கு என்னமாப் பொட்டு வச்சிருக்காரு எங்கண்ணன்!"னு சிரிச்சா. அவருக்கு அங்கனயே பூமி பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

பூசை முடிஞ்சு மூணாம் நாள் வந்த மொத வேலை ஸ்யாமளா டீச்சர் வீடு. மக கல்யாணத்துக்குப் பந்தல் போடணும், தூங்குமூஞ்சி மரத்தோட பெருங்கெளை மாடிக்கு மேல கவுந்து கெடக்கு. போன ஒடனே மொக்கைச்சாமி, "காத்தா இருக்கு டீச்சர், நாளைக்கிப் பாப்பமா?"ன்னாரு. ஒரு எலை அசையல. "பந்தக்காரங்க மத்தியானம் வந்துருவாங்கப்பா"ன்னு டீச்சர் பாவமாச் சொன்னாங்க.

வெட்டாத ஒரு உச்சிக் கெளை மேல போட்டு எறக்குன கயித்தோட ஒரு முனைய இடுப்பு வார்ல மாட்டிக்கிட்டான் தவசி. இன்னொரு முனைய அடிமரத்துல ரெண்டு சுத்துச் சுத்தி முத்துத்தாய் பிடிச்சிக்கிட்டா. ஏறப் போனவன் நின்னு, மொக்கைச்சாமி மூஞ்சியப் பாத்தான்.

"மச்சான், ஏறவா?"

"ம். பாத்து ஏறு மாப்ள."

"வேற ஏதும் சொல்லணுமா?"

"என்னத்தச் சொல்ல... பாத்து ஏறு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தேன்."

முத்துத்தாயும் அண்ணனையே பாத்துக்கிட்டு இருந்தா. அவரு குனிஞ்சு செருப்பு வாரச் சரி பண்ணுனாரு. வாரு நல்லாத்தான் இருந்துச்சு.

தவசி மேல போயிக்கிட்டே இருந்தான். அவன் இடுப்புப் பக்கம் பொட்டு தெரியுதான்னு மொக்கைச்சாமி அண்ணாந்து அண்ணாந்து பாத்தாரு, கொழைக்குள்ள ஒரு எழவும் தெரியல. இப்பக் கூப்பிட்டா எறங்கிருவான். எறங்கி, இத ஏன் கீழயே சொல்லலன்னு கேப்பானே? அடுத்த கெளைக்குப் போகட்டும் சொல்லுவோம், இந்தக் கொப்ப அறுக்கட்டும் சொல்லுவோம்னு நின்னாரு. கயித்தப் பிடிச்சிருக்கிறது கூடப் பொறந்தவ, தொங்குறது அவ புருசன். எல்லாம் தெரிஞ்சும் வாய் தொறக்க மாட்டேங்குது. தூ, நானும் ஒரு மனுசனான்னு தன்னையவே காறித் துப்பிக்கிட்டாரு, உள்ளுக்குள்ளதான்.

டீச்சர் மோர் கொண்டுவந்து குடுத்துட்டு, "கயிறு நல்ல கயிறுதானேப்பா? பாத்தாலே பயமா இருக்கு"ன்னாங்க.

கயித்தப் பத்திக் கேட்டதுக்கு அவரு மொத மொறையா ஒத்த எழுத்துல பதில் சொன்னாரு. "ம்."

அந்நேரம் பெருங்கெளை முறிஞ்ச வேகத்துல மரமே குலுங்குச்சு. தவசிக்குக் கால் தட்டிருச்சு. முழு ஆளும் கயித்துல தொங்கி, ஒரு சுத்துச் சுத்தி நடுமரத்துல போயி மோதுனான். மோர் டம்ளர் கீழ விழுந்து உருண்டுச்சு. மொக்கைச்சாமி கண்ண மூடிக்கிட்டாரு.

கயிறு தாங்குச்சு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!"ன்னு மேல இருந்து தவசி சத்தம் குடுத்தான். கண்ணத் தொறந்ததும் மொக்கைச்சாமி மனசுல மொதல்ல வந்தது மாப்ள பொழைச்சான்ங்கிற நெனப்பு இல்ல. அப்பாடா, இனி யாருக்கும் தெரியாதுங்கிற நெனப்புதான் முந்திக்கிட்டு வந்துச்சு. அத நெனச்சு அவருக்கே ஒடம்பு கூசிப்போச்சு.

வேலை முடிஞ்சு, தவசி கொழாயடியில மூஞ்சி கழுவிக்கிட்டு நின்னான். முத்துத்தாய் கயித்தச் சுருட்டிக்கிட்டு இருந்தா. மொக்கைச்சாமி கிட்டப் போயி, "குடு, நான் சுருட்டுறேன்"னு கைய நீட்டுனாரு. அவ கயித்தக் குடுக்கல. காலைல இருந்து தன் கையில வச்சிருந்த முனைய மட்டும் நீட்டுனா. பச்சை உறையில இருந்து நாலு முழம். சந்தனத்தத் தொடைச்சு எடுத்திருந்தா. கருகல் கறுப்பா அப்படியே இருந்துச்சு.

"எங்க வீட்டுக்காரரு எப்பவும் கயித்தப் பூராம் கையில உருவிப் பாப்பாருல்ல, பூசைக்கு மறுநாளே இவருக்குத் தட்டுப்பட்டுருச்சுண்ணே"ன்னா. "அதேன் முனைய மாத்திக் கட்டுனோம். இந்தப் பக்கம் காலைல இருந்து என் கையிலதேன் கெடக்கு."

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டாரு. கேட்ட பெறகுதான், அந்தக் கேள்விய யாரு யாரக் கேக்கணும்னு அவருக்கு ஒறைச்சுச்சு.

"அன்னைக்கே வெட்டிப் போடுறேன்னாரு. நாந்தேன் இருக்கச் சொன்னேன். எங்கண்ணன் என்ன கத்துனாலும், எம் புருசன ஏத்துறதுக்கு முன்னாடி சொல்லிருவாருன்னேன். இவரு, சொல்ல மாட்டாருடின்னாரு." கயித்தக் கீழ போட்டுட்டுக் கண்ணத் தொடைச்சா. "நான் தோத்துட்டேண்ணே."

தவசி துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டே வந்தான். அருவாள எடுத்து, கெடந்த தடி மேல முனைய வச்சு, நாலு முழத்துக்கும் கொஞ்சம் கூடவே ஒரே போடாப் போட்டான். பச்சை உறை துண்டாப் போயிருச்சு.

"இது இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும் மச்சான்"ன்னான். "அடுத்த கயித்த நானே பாத்து எடுத்துக்கிறேன்."

"சரி மாப்ள"ன்னாரு மொக்கைச்சாமி.