முதல் ஒட்டு

முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். வண்டியின் பானெட்டைத் தூக்கியதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி மூக்கை மட்டும் உள்ளே நீட்டுவாள். துருவுக்கு ஒரு வாசனை, வெந்த ரப்பருக்கு ஒரு வாசனை, கூலன்ட் தண்ணீர் சூடான இரும்பில் பட்டுக் காய்ந்தால் வரும் தித்திப்பு வாசனை வேறு. "கீழ் ஹோஸ் வேர்க்குது" என்பாள். இல்லாவிட்டால், "பம்ப் துப்புது". அவளிடம் எந்த வண்டியும் வெறுமனே ஒழுகுவதில்லை. வேர்க்கும், துப்பும், அழும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ரேடியேட்டர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்தெட்டு வயது. பாத்திரப் பட்டறையில் ஈயம் வைத்துப் பழகிய கை. முழங்கை வரை பொட்டுப் பொட்டாக ஈயம் தெறித்த தழும்புகள். ஓட்டை அடைத்த ரேடியேட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது முதுகில் ஒரு தட்டு தட்டி, "போ, ஒழுங்கா இரு" என்பாள். தட்டு ரேடியேட்டருக்கு. பேச்சு யாருக்கு என்று வாடிக்கையாளர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

போன மாதம் அவளைவிட வயதில் மூத்த கார் ஒன்று கயிறு கட்டி இழுக்கப்பட்டு வந்தது. ஒன்பது வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி. சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர்; எண்பத்து மூன்று வயது. இழுத்து வந்தவள் அவர் மகள். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்று பழைய கையேட்டின் படங்களையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். பெரியவர் தினமும் கூடவே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

பானெட்டைத் தூக்கிய அக்கா அன்று முகர மறந்துவிட்டாள். ரேடியேட்டரின் மேல் தொட்டி மூலையில், குழந்தை களிமண்ணை அப்பிய மாதிரி ஒரு ஈயக் கட்டி. "ஐயோ, இது இன்னும் இருக்கா?" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அவள் வைத்த முதல் ஒட்டு அது. தனியாகக் கடை போட்டு ஒன்றரை மாதம் ஒரு வண்டியும் நிற்கவில்லை. வருகிறவர்கள் வாசலில் நின்று, "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். "நான் இருக்கேனே" என்பாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் கசியுதும்மா, பாரேன்" என்று வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனார். முதல் வேலை என்ற அவசரத்தில் சுடர் ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டது. பக்கத்துத் தகட்டுத் தையலும் உருகி ஓட, பதறிப்போய் ஈயத்தை மேலும் மேலும் அப்பினாள். சாயங்காலம் வந்தவர் அதைத் தொட்டுப் பார்த்து, "அடேங்கப்பா, கல்லு மாதிரி இருக்கே!" என்றார்.

அதன் பிறகுதான் கூட்டம் வந்தது. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "கடைசி வரி தெரியுதா? சரி, வண்டி வச்சிருக்கீங்களா? ரேடியேட்டர் எப்படி?" என்று விசாரித்து அனுப்பிவைத்தார். எதிரில் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "தண்ணி குறையுதா சார்?" "ஒரு சொட்டு கிடையாது!" என்பார். ஆனால் வண்டியை அவள் கடை வாசலில் நிறுத்தியதே இல்லை. எதிர்ப்பக்கம்தான் நிழலாம்.

வேலை ஆரம்பித்தது. இரண்டு ஹோஸ்களும் விரலால் அழுத்தினாலே பொடிந்தன. படத்தில் இருப்பது போலவே துணி வரி தெரியும் ரப்பரும் பழைய மாதிரிக் கம்பிக் கிளிப்பும் தேடிப்பிடித்துப் போட்டாள். பம்ப் துப்பியது; பிரித்துச் சரிசெய்தாள். எஞ்சினின் விலாவில் வட்டத் தகடு மூடி ஒன்று அரித்துப்போயிருந்தது, மாற்றினாள். பக்கத்து டிங்கரிங் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"எதுக்கக்கா இந்தப் பாடு? ஓட்டை அடைக்கிற பொடியைக் கொட்டு. இல்லேன்னா புது அலுமினிய ரேடியேட்டர் மாட்டு. யாரு பார்க்கப் போறா?"

"பொடி ஓட்டையை மட்டுமா அடைக்கும்? உள்ள இருக்கிற குழாயெல்லாம் அடைக்கும். அலுமினியம் மாட்டினா அது வேற வண்டி. நீ போய்ட்டு வா" என்றாள்.

கடைசியாக ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்று ஏற்றினாள். குமிழிகள் ஒரே இடத்திலிருந்து வரிசையாக எழுந்தன. அவள் ஒட்டிலிருந்துதான்.

வெளியே எடுத்துத் துடைத்தாள். ஒட்டுக்குக் கீழே நீர் வழிந்து வழிந்து பச்சையும் வெள்ளையுமாய் ஏடு ஏடாகப் படிந்திருந்தது. நேற்று இன்று வந்த கறை இல்லை அது.

"இது எப்பலேர்ந்து?" என்று மகளைக் கேட்டாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"முதல் நாள்லேர்ந்தேதான் அக்கா. பத்தொன்பது வருசம் பின்சீட்டுல எப்பவும் ரெண்டு கேன் தண்ணி. பள்ளிக்கூடம் போறப்போ ஒண்ணை நான் மடியில வச்சுக்குவேன்."

அக்கா கேஸ் சுடரை அணைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட டப்பா மேல் உட்கார்ந்தாள். "ஏன் சார் சொல்லல?"

"அது வண்டியோட குணம்னு நெனச்சேன்மா."

"அப்பா!" என்றாள் மகள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொல்லியிருந்தா நீ அன்னைக்கே கடையைப் பூட்டிட்டுப் போயிருப்ப. தண்ணிதானே, ஊத்திட்டாப் போச்சு."

அக்கா எழுந்து குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். அவளிடம் வந்த அத்தனை வண்டிகளும், படித்து வேலைக்குப் போன இரண்டு பிள்ளைகளும், தலைக்கு மேலிருந்த இந்தத் தகரக் கூரையும் கண்முன் வந்து நின்றன. திரும்பி வந்து சுடரைப் பற்றவைத்தபோது கண் சிவந்திருந்தது; ஆனால் இந்த முறை சுடர் ஒரு நொடிகூட அதிகம் நிற்கவில்லை.

ஒட்டை உருக்கி எடுத்தாள். கெடாத மூலையைப் பார்த்து அளவெடுத்து, பித்தளைத் தகட்டைக் கம்பெனி மடிப்பு போலவே மடித்து, மயிரிழைத் தையலாக ஈயம் ஓட்டினாள். இரண்டு முழு நாள் ஆயிற்று. மறுபடி அமிழ்த்தியபோது தண்ணீர் கண்ணாடியாய் நின்றது.

ரேடியேட்டரை மாட்டி, ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். தரை காய்ந்தே கிடந்தது. பெரியவர் குனிந்து மூலையைத் தடவித் தடவிப் பார்த்தார். "நீ எங்க ஒட்டு வச்சன்னே தெரியலையேம்மா" என்றார். பிறகு முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "வா, ஒரு சுத்து போய்ட்டு வரலாம். இத்தனை வருசத்துல நீ இதுல ஏறினதே இல்லையே" என்றார். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக் காத்திருந்தாள்.

அக்கா பின்கதவைத் திறந்தாள். கிரீஸ் கறை படிந்த கைகளைப் புடவையில் இரண்டு தரம் துடைத்தாள். செருப்பைக் கழற்றித் தரையில் ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஏறினாள்.