அக்காவுக்கு நான் விடாத ஆலாபனை

கர்வம் வந்ததால்தான் அக்கா என் கச்சேரிகளுக்கு வயலின் வாசிப்பதை நிறுத்தினார் என்று, அவர் நினைவுக்காக இங்கே கூடியிருக்கும் உறவினர் பலர் நம்புகிறீர்கள். அது பொய். நிறுத்தியவன் நான். அந்தப் பேச்சை மறுக்காமல் இருந்தவனும் நான்.

மரக்காணத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும் என்பதால், வாசித்ததும் அக்கா வயலினைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைப்பார். திண்டிவனத்துக்கு வயலின் வகுப்புக்குப் போகும்போது என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பாட்டு வகுப்பில் சேர்த்தவர் அவரே.

பிறகு நான் பாட, அவர் வாசிக்க, ஊர் ஊராகப் போனோம். பாடகர் ஆலாபனை செய்து முடித்ததும், அதே ராகத்தை வயலின்காரர் தனியாக வாசிக்க இடம் விடுவது கச்சேரி மரபு. அக்காவின் ஆலாபனைக்கு என்னுடையதைவிடக் கைதட்டல் அதிகம். எனக்குப் பொறுக்கவில்லை. புதுச்சேரிக் கச்சேரியில் நான் கல்யாணி ராக ஆலாபனையை முடித்ததும் அக்கா வில்லைத் தூக்கினார். நான் இடம் விடாமல் கீர்த்தனையைத் தொடங்கிவிட்டேன். வில் சற்று அந்தரத்தில் நின்றது. பிறகு குறையில்லாமல் என் பாட்டுக்கு வாசித்தார்.

திரும்பும்போது, "ஏன்டா, தப்பா ஏதாவது வாசிச்சிட்டனா?" என்று கேட்டார்.

நேரம் போதவில்லை என்றேன். அடுத்த கச்சேரிக்கு வேறொருவரை அழைத்தேன்.

அக்கா பிறருக்கு வாசித்தார். இசைப் பள்ளியில் ஆசிரியரானார். கணவரை இளம் வயதில் இழந்தும் மகனைப் படிக்கவைத்தார். என் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

பல வருஷம் கழித்து, அக்காவின் பேத்தியின் காதுகுத்தில் என்னைப் பாடச் சொன்னார்கள். அக்காவையும் வயலினோடு உட்காரவைத்து, கல்யாணி பாடி நிறுத்திக் காத்திருந்தேன். அக்கா வாசித்தார். சாப்பாடு ஆறிப்போகிறதென்று சமையல்காரர் எட்டி எட்டிப் பார்க்கும்வரை வாசித்தார். சாப்பிட்டபின், அன்று பொறாமையால்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னேன்.

"அது அன்னிக்கே தெரியும்டா. அதுக்கா இத்தினி வருஷம் கூப்பிடாம இருந்த? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

கடைசி மாதங்களில் அக்காவைத் தாங்கிய மகனுக்கும் மருமகளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் மருத்துவமனைக்கு ஆட்டோ எடுத்த கோட்டக்குப்பத்தில் அக்காவின் பக்கத்துவீட்டு பாய்க்கும் நான் என்றும் கடமைப்பட்டவன். ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போவேன். வில்லைத் தூக்க முடியாமல் போனபின், "நீ பாடுடா" என்பார் அக்கா. ஆலாபனை முடிந்ததும் அவருக்காக நிறுத்துவேன். கண்ணை மூடி விரல்களை மட்டும் போர்வைமேல் அசைப்பார். அவர் தலையாட்டியபிறகே பாட்டுக்குப் போவேன்.