ஜிக்கேஷ் என்று ஒருவர் இல்லை

கொல்கத்தாவுக்கு வந்த முதல் வாரம், மளிகைக்கடையில் கொத்தமல்லித்தழை கேட்டேன். கடைக்காரர் "நெய்" என்றார். நெய் வேண்டாம், கொத்தமல்லி என்று கையால் இலை வரைந்து காட்டினேன். அவர் மறுபடியும், இன்னும் சத்தமாக, "நெய்!" என்றார். வங்காளத்தில் அந்த ஒலிக்கு 'இல்லை' என்று பொருள். ஊருக்குப் போன் செய்து இதைச் சொல்லி நானும் அம்மாவும் சிரித்தோம். அன்று சிரித்ததோடு நிறுத்தாமல் மொழியை ஒழுங்காகக் கற்றிருக்கலாம்.

நியூ டவுனில் எனக்கு ஆவணம் எழுதும் வேலை. மருத்துவ உபகரணங்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல மனிதர்களுக்குப் பதிலாக ஏஐ ஏஜென்ட் வரவிருந்தது. கிடங்கில் என்ன பொருள் இருக்கிறது என்று அது தேடிப்பார்க்க ஒரு கருவியும் தயாராகியிருந்தது. அதை எப்போது பயன்படுத்த வேண்டும், வரும் விடைக்கு என்ன அர்த்தம் என்று ஏஜென்ட்டுக்குப் புரியும்படி எழுதித் தர வேண்டியவள் நான். மனிதர்கள் வாசித்தால் விட்டதை ஊகித்துக்கொள்வார்கள். அது எழுதியதை அப்படியே செய்யும்.

கிடங்கு அலிப்பூரைத் தாண்டி இருந்தது. அதன் பொறுப்பாளர் ஷியாமல்தா ('தா' என்றால் அண்ணன்), ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். என்னை ஒவ்வொரு அலமாரியாக அழைத்துப்போனார். கடைசியில், மருத்துவமனைகளிலிருந்து திரும்பி வந்த பொருள்கள் இருந்த ஒரு தட்டைக் காட்டி, "கம்ப்யூட்டார் நெய் போல்லே, ஆமாகே ஜிக்கேஷ் கோர்பே" என்றார். கம்ப்யூட்டர், இல்லை, என்னை. இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. ஜிக்கேஷ் என்பது கணினியைப் பார்த்துக்கொள்ளும் யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்தேன். வந்து எட்டு மாதமாகியும் பாஷை தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கம். "ஹே ஹே", ஆமாம் ஆமாம், என்று தலையாட்டினேன். திரும்பி வந்து எழுதினேன்: 'விடை காலியாக வந்தால் பொருள் இருப்பில் இல்லை. வாடிக்கையாளரிடம் அப்படியே தெரிவிக்கவும்.'

திருநெல்வேலியில் நான் கல்லூரி படிக்கும்போது, எங்கள் தெரு மருந்துக்கடையில் யாரும் எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இருங்க, உள்ள பாத்துட்டு வாரேன்" என்பார்கள். அந்த ஒரு வரி எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதாமல் விட்டேன்.

டாலிகஞ்சிலிருந்து வசந்தா என்ற பெண் தன் அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரத்துக்கு பேட்டரி கேட்டாள். ஏஜென்ட் இல்லை என்றது. மூன்றாம் நாள் பிற்பகல் புயல்மழையில் மின்சாரம் போய் இயந்திரம் நின்றது. இரண்டு வாரம் மருத்துவமனை. பிழைத்தார், ஆனால் நடமாட்டம் போயிற்று. அவள் கேட்ட பேட்டரி அத்தனை நாளும் ஷியாமல்தாவின் அந்தத் தட்டில்தான் இருந்தது. திரும்பி வந்தவற்றை அவர் சோதித்த பிறகே கணினியில் ஏற்றுவார்கள்.

புகார் வந்த அன்று பக்கத்து இருக்கை மௌமிதாவிடம், ஜிக்கேஷ் யார் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "ஜிக்கேஷ் கோரா மீன்ஸ் டு ஆஸ்க். ஹூ டோல்ட் யூ தட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஷியாமல்தா காட்டிய தட்டு நினைவுக்கு வந்தது. கணினி 'இல்லை' என்று சொன்னால் என்னைக் கேள். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அன்றே ஆவணத்தைத் திருத்தினேன்: 'காலியாக வந்தால் இல்லை என்று சொல்லாதே. கிடங்குப் பொறுப்பாளரிடம் கேட்டபின் பதில் சொல்.' மேலாளரிடம் பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை பேட்டரியை எடுத்துக்கொண்டு டாலிகஞ்சில் வசந்தாவின் வீட்டுக்குப் போனேன். மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் தமிழ்க் குடும்பம். நடந்ததைச் சொன்னேன். வசந்தா பேட்டரியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"ஒரு மனுஷாகிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தா, நான் வெயிட் பண்ணிருப்பேன். நெய் போலே திலோ, ப்யாஸ். இல்லேன்னுடுத்து, அவ்ளோதான். வேற இடத்துல கேட்டா ஒரு வாரம் ஆகும்னுட்டா. அப்பா தினம் லேக்குக்கு நடந்து போவார், தெரியுமா?"

"என் தப்புதாங்க" என்றேன். சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று பட்டது.

மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் படுத்திருந்த பெரியவர், நான் யாரென்று தெரியாமல், "எந்த ஊர்?" என்றார்.

"திருநெல்வேலி."

"நான் பாத்ததில்லை. எப்போ திரும்பிப் போறேள்?"

எனக்குத் தெரியவில்லை. அன்று கிடங்கில் ஆட்டியது போலவே தலையை மட்டும் அசைத்தேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வாரேன்" என்றேன். வசந்தா கதவைப் பிடித்தபடி, "ஏஷோ" என்றாள். வா என்று அர்த்தம். இங்கே விடைகொடுக்கவும் அதைத்தான் சொல்வார்கள். வா என்றாளா, வெறுமனே வழியனுப்பினாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ரயிலடியில் அம்மாவிடமும் வாரேன் என்று சொல்லித்தான் ஏறினேன், ஒரு வருடம் ஆகப்போகிறது. படிக்கட்டுத் திருப்பத்தில் கொஞ்சம் நின்றேன். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. கீழே ஆட்டோக்காரர் ஒருவர் "மெட்ரோ, மெட்ரோ" என்று கூவி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.